‘ஆனா’ சொல்லக் கூடாத கம்பெனி

பட்டுக் கம்பெனியில் புதுமைப் பிரிவு என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது; அதில் வேலை பார்க்கும் ஒரே ஆள் நான். வெளியாட்களிடம் யோசனை கேட்டு முதலாளியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. உங்கள் ஆபீஸிலும் சுவரில் ஒரு யோசனைப் பெட்டி தொங்கினால் நீங்களும் என் கட்சிதான். வாருங்கள், சேர்ந்து திட்டுவோம்.

உண்டியல்

காஞ்சிபுரத்தில், கடை வாசலில், பெருமாள் படத்துக்குக் கீழே வாய் திறந்த பெட்டி ஒன்றை மாட்டினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. திறந்து பார்த்தால் சில்லறை, துளசி, பேத்திக்கு நல்ல இடம் அமையவேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டு. யோசனை ஒன்றுகூட இல்லை. பெட்டியை வேறு இடத்தில் மாட்டலாம் என்று மேனேஜரிடம் போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இருக்கட்டும்மா, பூட்டு மட்டும் நல்லதா போடு.”

எஸ்தர்

பெட்டியை நம்பாமல் நேரே வந்தவர் எஸ்தர். எங்கள் கடைக்கு எதிரே தையல் கடை வைத்திருப்பவர். எங்களிடம் சேலை எடுப்பவர்கள்தான் அவருக்கும் வாடிக்கை. “கல்யாணப் பொண்ணுங்க எல்லாம் முழங்கை வரைக்கும் கை கேக்குறாங்க மேடம். சேலையோட வர்ற ஜாக்கெட் துணி பத்தல. வேற துணி வாங்கி ஒட்டுப் போட்டுக்கினு இருக்கேன், பாக்கவே நல்லா இல்ல. ஆர்டர் எடுக்கறப்பவே பொண்ணுக்கு அளவெடுத்து, அதுக்குத் தக்கன நெய்யச் சொல்லுங்க.”

எனக்கு எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது. பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். “ஐடியா உங்களுக்கு, தையல் எனக்கு. வேற ஒண்ணும் வேணாம்.” அப்படியே ஆகட்டும் என்று வாக்குக் கொடுத்தேன்.

மணி

யோசனைக் கூட்டம் நடத்துவதற்கென்று சென்னையிலிருந்து ஒரு ஆலோசகர் வந்தார். அவர் போட்ட விதி: யாரும் ‘ஆனா’ என்று சொல்லக் கூடாது, சொன்னால் மேஜை மேலிருக்கும் மணியை அடிப்பார். புது யோசனையைக் கொல்வதே அந்தச் சொல்தானாம். எஸ்தரின் யோசனையைச் சொன்னேன். எல்லோருக்கும் பிடித்தது. தறிகளைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி முனுசாமி எழுந்தார். “நல்ல ஐடியாதான் சார், ஆனா பாவு...” மணி அடித்தது. கூட்டம் சிரித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே டீக்கடையில் வைத்து அவரைக் கேட்டேன். ஒரு பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூலில், மூன்று சேலை வரும். ஜாக்கெட் துணியைக் கூட்டினால் பாவையும் நீட்டி ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் கடைசிச் சேலை குறையும். அவ்வளவுதான் விஷயம். அதை அப்படியே முதலாளியிடம் சொன்னேன். “அதெல்லாம் போகப் போகப் பாத்துக்கலாம். நெகட்டிவா பேசாதம்மா.”

பேனர்

திட்டம் வந்தது. கடை முகப்பை மறைத்துப் பேனர் கட்டினார்கள். ‘எங்கள் நிறுவனத்தின் புதிய கண்டுபிடிப்பு’ என்று அதில் போட்டிருந்தது. எஸ்தர் பெயர் இல்லை, போகட்டும். தையலையும் சென்னையில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். அளவெடுக்கும் பெண் எங்கள் கடைக்குள்ளேயே உட்கார்ந்தாள். எதிர்க்கடையில் எஸ்தரின் மெஷின் பாதி நாள் சும்மா கிடந்தது. அவருக்கு வாக்குக் கொடுத்தது நான். நேரே போய்க் கேட்டேன். முதலாளி பொறுமையாக விளக்கினார். “ஐடியாவ வெளியிலேர்ந்து எடுத்துக்கலாம்மா. ஆள உள்ள விடக் கூடாது.”

வாலாஜாபாத் கல்யாணம்

முகூர்த்தச் சேலையை மஞ்சள் வைத்து, மடிப்புக் கலையாமல் பெட்டியில் கொடுப்பது எங்கள் வழக்கம். யாரும் விரித்து அளப்பதில்லை. அப்படித்தான் வாலாஜாபாத் பெண்ணுக்கும் கொடுத்தோம். அவள் சேலை அந்தப் பாவில் கடைசி. முந்தைய இரண்டு பெண்களின் ஜாக்கெட்டும் அவளுடையதும் சேர்ந்து சேலையைத் தின்றுவிட்டன. கட்டிப் பார்த்தால் கொசுவம் வைக்கத் துணி இல்லை. கல்யாணம் நெருங்கிவிட்டது, வேறு சேலை நெய்ய நாளில்லை. பெண்ணின் அம்மா கடை நடுவே சேலையை விரித்துப் போட்டார். “ஜாக்கெட்டு தாராளமா இருக்குது. சேல எங்கம்மா?”

யாருடைய ஐடியா

அவசரக் கூட்டம். ஆலோசகரும் மணியோடு வந்திருந்தார். பேனரில் எஸ்தர் பெயர் போட இடமில்லாதவர்களுக்கு இப்போது பெயர் தேவைப்பட்டது. “இது யாரு ஐடியா?” என்றார் முதலாளி. “எதிர்க்கடை டெய்லரம்மாதான் சார்,” என்றார் மேனேஜர், கொஞ்சமும் தடுமாறாமல். பழியை எஸ்தர் தலையில் கட்டிவிட்டு எழுந்துவிடலாம் என்று எல்லோர் முகத்திலும் நிம்மதி.

நான் எழுந்து “ஆனா” என்றேன். ஆலோசகர் பழக்கத்தில் மணியை அடித்தார். அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, முனுசாமி சொன்னதையும் நான் சொன்னதையும் அவர்கள் சொன்ன பதிலையும் வரிசையாகச் சொன்னேன். கடைசியில் முதலாளி சேலையை என் பக்கம் தள்ளி, அந்தம்மாவிடமே சரி பண்ணித் தரச் சொல் என்றார்.

எஸ்தர் மறுக்கவில்லை. பெண் என்ன பாவம் செய்தாள் என்றார். உள்சுற்றில் மறைகிற முனையில், அதே நிறத் துணி ஒன்றை இணைத்துத் தைக்க ஆரம்பித்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று பக்கத்தில் நின்றேன். மெஷினிலிருந்து கண் எடுக்காமல் அவரே பேசினார். “ஜாக்கெட்டுக்கு ஒட்டுப் போடக் கூடாதுன்னுதான் ஐடியா குடுத்தேன் மேடம். இப்ப சேலைக்கே ஒட்டுப் போட்டுக்கினு இருக்கேன்.”

நான் இன்னும் அதே கம்பெனியில் அதே யோசனைப் பெட்டிக்குக் காவலாகத்தான் இருக்கிறேன். அந்த மணியை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.