இரும்பைத் தூக்காதே என்றேன்

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். உரச் சாக்கில் எழுதியிருப்பதும் மாத்திரை அட்டையில் எழுதியிருப்பதும் நான் சொன்னால்தான் முடிவு. என் வாயில் வருவதெல்லாம் புத்தகத்தில் இருப்பதாகவே அப்பா நம்பினார். கொஞ்ச நாளில் நானும் அப்படியே நம்பத் தொடங்கிவிட்டேன்.

நான் கல்லூரியில் இருந்தபோது தம்பிக்குப் பதினைந்து வயது. அடி அண்ணாமலையிலிருந்து தினமும் சைக்கிளில் டவுனுக்குப் போய், தேரடிப் பக்கம் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கப் பழகினான். ஒருநாள் அங்கே கற்றுக்கொடுக்கும் வாத்தியாரே வீட்டுக்கு வந்தார்.

"பையன் நல்லா கெட்டியா கீறான். வேலூர்ல போட்டி வருது, நான் இட்டுனு போறேன்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "இன்னாடா, அனுப்பலாமா?"

விடுதியில் யாரோ சொன்னது என் தலையில் இருந்தது. "வளர்ற வயசுல வெயிட் தூக்கினா எலும்பு அமுங்கிடும் நைனா. உயரமே வராது. போலீஸ் வேலைக்கு உயரம் பாப்பாங்க" என்றேன் அப்பாவிடம்.

"அப்ப வாணாம்" என்றார் அப்பா.

வாத்தியார் போன பிறகு தம்பி கேட்டான்: "நிறுத்திட்டா வளந்துடுவேனாணா?"

"கண்டிப்பா" என்றேன்.

அன்றோடு நிறுத்தினான். அந்த வாரமே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அறுவடை. கொல்லை நிலத்திலிருந்து வண்டிவரை மூட்டை மூட்டையாக அவன்தான் சுமந்தான். அதுவும் எடைதான் என்று எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தால் நான் சுமக்க வேண்டியிருந்திருக்கும்.

மூன்று வருடம் கழித்து போலீஸ் தேர்வுக்குப் போனான். உயரம் போதவில்லை என்று முதல் வேலையாக அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பிறகு ஒரு டாக்டரிடம் கேட்டேன். சிரித்தார். "ஒழுங்கா கத்துக்குடுக்க ஆள் இருந்தா ஒண்ணும் ஆவாது. உங்க அப்பா எவ்ளோ உயரம்? நீங்க எவ்ளோ வெயிட் தூக்கினீங்க?"

புத்தகப் பையைத் தவிர நான் எதையும் தூக்கியதில்லை. தம்பியும் நானும் ஒரே உயரம். ஒருவர் கால்சட்டை இன்னொருவருக்கு அப்படியே சரியாக இருக்கும்.

அன்றே தேரடிக்குப் போனேன். கூடம் பூட்டிக் கிடந்தது. பக்கத்துக் கடையில் விசாரித்துவிட்டு நேராகக் கொல்லைக்கு வந்தேன். தம்பி மல்லாட்டையைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தான்.

"நான் சொன்னது தப்புடா. வெயிட்டுக்கும் உயரத்துக்கும் சம்பந்தமே இல்லியாம்."

அவன் சாக்கின் வாயைத் தைத்து முடித்தான். "வாத்தியார் கீறாராணா?"

"மெட்ராஸ் போயிட்டாராம்."

"ம்" என்றான். பிறகு குனிந்தான். "ஒரு கை குடு."

மூட்டையை அவன் முதுகில் ஏற்றிவிட்டேன்.