பாஸ்போர்ட்டில் நான் ஏற்றிய நாலு வயது

என் மனைவி நஸீராவின் தம்பி செய்கு அலாவுதீனுக்குப் பாஸ்போர்ட்டில் முப்பத்திரண்டு வயது. உண்மையில் இருபத்தெட்டு. அந்த நாலு வயதை ஏற்றிவிட்டவன் நான்.

1996இல் காயல்பட்டினத்தில் என் மாமனார் திடீரென்று மவுத்தாகி, குடும்பத்தில் சம்பாதிக்க ஆளில்லாமல் போனது. அலாவுதீன் அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தான். இயற்பியலில் இருநூற்றுக்கு நூற்றெண்பத்தாறு. எனக்கு பர் துபாயில் துணிக்கடை. அவனை அங்கே கூட்டிக்கொள்ளலாம் என்றால், இருபத்தொன்று ஆகாதவனுக்கு விசா கிடைக்காது என்று ஏஜெண்ட் கையை விரித்துவிட்டார். ஊரில் பலர் செய்ததைத்தான் நானும் செய்தேன். மார்க் ஷீட்டில் சரியான தேதி இருந்தது, அதனால் அதை பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னேன். பையன் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை, பிறப்பைப் பதியவில்லை, பிறந்தது 1974 என்று நோட்டரி முன்னால் சத்தியப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தவனைப் படிக்காதவன் என்று முத்திரை குத்திய பாஸ்போர்ட் வந்தது. அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று அன்று நஸீராவிடம் பீற்றிக்கொண்டேன்.

கடையில் அவன் ஒன்றுக்கும் உதவவில்லை. துணியை நேராகக் கிழிக்க வராது. வானத்தில் சத்தம் கேட்டால் வாடிக்கையாளரை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவான். ஐந்து வருடம் தலையில் அடித்துக்கொண்ட பிறகு, அதே நாட்டில் கடலோரம் இருக்கும் புஜைராவில் ஒரு ஹெலிகாப்டர் கம்பெனியில் ஹெல்பர் வேலைக்குப் போனான். கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றிப்போகிற கம்பெனி அது. அவனுக்கு எரிபொருள் நிரப்புவதும் கண்ணாடி துடைப்பதும் வேலை.

போன டிசம்பரில், இறக்கை சுற்ற ஆரம்பித்துவிட்ட ஹெலிகாப்டருக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்து நிறுத்தியிருக்கிறான். பைலட் வாய்க்கு வந்தபடி திட்டினாராம். இறங்கிப் பார்த்தால் எண்ணெய் மூடி சரியாகத் திருகப்படவில்லை. அன்றிலிருந்து தலைமை கேப்டனுக்கு இவன் மேல் ஒரு கண். இந்த மார்ச்சில், கீழே வேலை செய்கிறவர்களில் ஒருவரைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பிக் கமர்ஷியல் ஹெலிகாப்டர் பைலட் ஆக்கப்போவதாகக் கம்பெனி சொன்னதும், கேப்டன் எழுதிய பெயர் அலாவுதீன்தான். முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும். பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் வேண்டும். புதன்கிழமை நாலு மணிக்குள் காகிதங்கள் வந்து சேர வேண்டும்.

செவ்வாய் மதியம் கடைக்கு வந்து கல்லாவின் மேல் இரண்டு விண்ணப்பங்களை வைத்தான். அவன் பாஸ்போர்ட் அந்த மாதம்தான் காலாவதியாகிறது. கம்பெனி அலமாரியில் கிடந்ததைப் புதுப்பிக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்து வாங்கி வந்திருந்தான். ஒரு விண்ணப்பத்தில் 1974. இன்னொன்றில் 1978.

"பழசையே எழுதுனா வேலை நிக்கும், படிப்பு போயிரும் மச்சான். சரியான தேதிய எழுதுனா, இத்தன வருஷமா பொய் சொன்னவன்னு விசாவ கேன்சல் பண்ணாலும் பண்ணுவாங்க. திருத்தக் கொடுத்த ரசீது இருந்தா போதும்ங்குறார் கேப்டன். விசா விஷயம் அவர் கையில இல்லையாம்."

"பேசாம பழச எழுது," என்றேன். "உன் பொஞ்சாதி மின்ஹாவுக்கு எட்டாம் மாசம். இந்த நேரத்துல வேலைய தொலைச்சுட்டு ஊர்ல போய் நிக்கப் போறியா?"

"அவகிட்ட கேட்டேன் மச்சான். பிள்ளைய பதியும்போது வாப்பாவுக்கு எந்த வயச எழுதுவீங்கன்னு கேட்டா."

எனக்குக் கோபம்தான் வந்தது. பதில் தெரியாதபோது எனக்கு அதுதான் வரும்.

மறுநாள் காலை அவனோடு கான்சுலேட்டுக்குப் போனேன். துணைக்கு என்று அவனிடம் சொன்னேன். உண்மையில், 1974ஐத்தான் கொடுக்கிறானா என்று பார்க்கப் போனேன். டோக்கன் இருநூற்றுப் பதினாலு. எங்கள் முறை வருவதற்கு முன் விசாரணைக் கவுண்டரில் போய் நின்றான். நான் இரண்டடி பின்னால் இருந்தேன். உள்ளே இருந்தவருக்குத் தமிழ் தெரிந்தது. 1978 விண்ணப்பத்தோடு அலாவுதீன் நீட்டிய கடிதத்தையும் பழைய சத்தியப் பத்திரத்தின் நகலையும் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வயச நானே கூட்டிச் சொன்னேன்னு எழுதியிருக்கீங்க. இதுல வேற ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருக்கார். கௌஸ் முகைதீன் யாரு?"

"தெரியாது சார். ஏஜெண்டோட ஆளா இருக்கும்."

"தேதிய தப்பா கொடுத்தேன்னு அவர் எழுதித் தரணும். இல்லாட்டி ஊருக்கு அனுப்பி, அவர் யாருன்னு விசாரிச்சுதான் எடுப்போம். இன்னைக்கு ரசீது கிடைக்காது."

ஐந்து வருடம் என் வீட்டுச் சோற்றைத் தின்றவன் என்னைத் தெரியாது என்கிறான். என்னைக் காப்பாற்றத்தான்.

அவன் திரும்பி வந்து 1978 விண்ணப்பத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "வேணாம் மச்சான். பழசையே கொடுத்துருவோம். எனக்கும் ஆகாசத்துல போறதுன்னா என்னமோ பயமாத்தான் இருக்கு."

சுற்றும் இறக்கைக்கு முன்னால் போய் நின்றவன் சொல்கிற பொய் அது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தப் பொய்யைக் கேட்டதும் எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. பொய்ச் சத்தியம் செய்தவன் என்று என் பெயர் ஒரு கோப்பில் ஏறினால் என்ன ஆகும்? என் பாஸ்போர்ட் என்ன ஆகும், கடை லைசென்ஸ் என்ன ஆகும், கடைக்குப் பொறுப்பேற்றிருக்கும் அரபி, என் கஃபீல், என்ன சொல்வார்? மூன்று பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். சுவரில் மணி பதினொன்றே முக்கால். டோக்கன் பலகையில் இருநூற்றுப் பதிமூன்று.

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. மடியில் இருந்த 1974ஐயே பார்த்துக்கொண்டிருந்தான். அதை இன்று கொடுத்துவிட்டால், இன்னும் பத்து வருடத்துக்கு நான் உண்டாக்கிய அந்த ஆளாகவே இருந்து கண்ணாடி துடைப்பான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்காட்ட மாட்டான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

இருநூற்றுப் பதினாலு விழுந்தது. எழுந்தவனின் சட்டைப் பையிலிருந்து அந்த மடித்த தாளை உருவினேன்.

"மச்சான், என்ன செய்றீங்க? உங்களுக்குக் கடை இருக்கு."

"வாய மூடிக்கிட்டு வா."

கவுண்டரில் தாளை விரித்து வைத்து, என் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்தேன். "கௌஸ் முகைதீன் நான்தான். இவன் அக்கா மாப்பிள்ளை. வயச ஏத்துனது நான், இவனுக்கு அதுல ஒண்ணும் தெரியாது. ஒரு தாள் கொடுங்க, எழுதித் தர்றேன்."

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதனால உங்களுக்குப் பிரச்சினை வரலாம், தெரியுமா?"

"தெரியும்."

"சரி. இவருக்கு உண்மையில என்ன வயசு?"

பத்து வருடப் பழக்கத்தில் முப்பத்திரண்டு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"இருபத்தெட்டு," என்றேன்.

எழுதிக்கொண்டு, என் பக்கம் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளிவிட்டு ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். பக்கத்தில் அலாவுதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.