விதைக்கு ஒரு சொட்டு

தமயந்திக்கு வேலை புகை போடுவது. சாம்பிராணிப் புகை என்று நினைத்துவிடாதீர்கள், வைக்கோல் புகை. ஹவுராவுக்கு அக்கரையில், சால்ட் லேக்கில் ஒரு விதைக் கம்பெனி. அதன் பின்பக்கத் தகரக் கொட்டகையில், பீப்பாய்க்குள் வைக்கோலைப் புகையவிட்டு, அந்தப் புகையைக் குழாய் வழியாகத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். தண்ணீர் டிக்காக்ஷன் நிறத்துக்கு வந்ததும் எடுத்து, சொட்டுச் சொட்டாக வாளித் தண்ணீரில் கலந்து விதையை ஊறப்போடுவார்கள். அடம்பிடிக்கிற விதைகூட முளைத்துவிடும், நாற்றும் மதமதவென்று நிற்கும். எல்லாம் சரிதான். விதைக்கு ஒரு சொட்டு, மிச்சப் புகை யாருக்கு? தமயந்தியின் நெஞ்சுக்கு!

ஹவுரா வீட்டில் படியேறினாலே இப்போது அவளுக்கு மூச்சு வாங்குகிறது. வேலை பார்த்த பட்டறையை இழுத்து மூடியதிலிருந்து கணவன் பாபு வீட்டோடு இருக்கிறான். வேலையை விட்டுவிடு என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. விட்டுவிடுகிறேன் என்று சொல்ல அவளுக்கும் வரவில்லை.

இந்தக் குளிர்காலத்தில்தான் ஒரு கதவு திறந்தது. பாக்கிங் ஹாலில் பெர்மனென்ட் வேலை, புகையே கிடையாது. மேனேஜர் வெங்கடநாராயணன் அவள் பெயரைத்தான் சிபாரிசு செய்தார். நல்ல மனுஷன், குறை சொல்லக்கூடாது. மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி.

"மூச்சு எவ்வளவு இருக்குன்னு பாக்க குழாயில ஊதச் சொல்வாங்களாம். எனக்கு ஊத வருமாங்க?" என்றாள் பாபுவிடம்.

"ஒரு வாரம் லீவு கேளேன். நெஞ்சு கொஞ்சம் ஆறட்டும்."

கேட்டாள். "போரோ நெல் விதைக்கிற சீசன்மா, எல்லாரும் புகைத் தண்ணிக்குத்தான் காத்துண்டிருக்கா. இந்த வாரம் மட்டும் பொறுத்துக்கோ" என்றார் மேனேஜர். அந்த வாரம்தான் பீப்பாய் ஓயாமல் புகைந்தது.

டாக்டரிடம் ஊதினாள். பாதியிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. "ஆர் ஏக்பார்" என்றார் அவர். இன்னொரு தடவை ஊதினாள். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர, மூச்சு வரவில்லை.

மறுநாள் மேனேஜர் ரிப்போர்ட்டைப் பார்த்து நிஜமாகவே வருத்தப்பட்டார். "அன்ஃபிட்னு போட்டுட்டாரேம்மா. பெர்மனென்ட் ஆளுக்கு ஃபிட்னஸ் இல்லாம முடியாது."

தமயந்தி கேட்டாள்: "அப்ப இப்ப பாக்குற வேலையும் போச்சா சார்?"

"சேச்சே, அதுக்கென்ன! அது டெம்பரரிதானே, அதுக்கு மெடிக்கலே கிடையாது. நீ பாட்டுக்குக் கொட்டகைக்குப் போ."

"ரொம்ப நன்றி சார்" என்றாள். சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் சொன்னது பொய்யில்லை. கொட்டகைக்குப் போய், முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு வைக்கோலைப் பற்றவைத்தாள்.