கம்பெனி பஸ்ஸில் திறந்த ஸ்பேம் பெட்டி

கேளம்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் உட்கார்ந்துகொண்டு சின்னதாக ஒரு மெயில் சர்வர் நடத்துகிறேன். மாமல்லபுரத்தில் கல்சிலை ஏற்றுமதி செய்பவர், செங்கல்பட்டில் ஒரு பல் டாக்டர், மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலை, இன்னும் சிலர். இவர்கள் மெயிலெல்லாம் என் சர்வர் வழியாகத்தான் போய் வரும். “ஊரே பெரிய கம்பெனிகிட்ட போயாச்சு, நீ மட்டும் எதுக்கு இதைக் கட்டிக்கினு அழுவுற?” என்று வீட்டில் கேட்பார்கள். பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

போன ஆயுத பூஜைக்கு வந்தது வினை. தொழிற்சாலையில் மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, அதைப் போட்டோ எடுத்து, வாழ்த்து மெயிலாக எல்லாருக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறார் முதலாளி. எல்லாருக்கும் என்றால் எல்லாருக்கும். என்றைக்கோ விலை விசாரித்தவர், வேலை கேட்டு எழுதியவர், இன்சூரன்ஸ் விற்க வந்தவர், ஒருத்தரையும் விடவில்லை. பூஜை முடிந்து பொரி கடலை கொடுக்கும்போது வாசலில் போகிறவரையும் கூப்பிட்டுக் கொடுக்கிற ஊர் இது. அதே கையோடு மெயிலையும் அனுப்பிவிட்டார்கள். வாங்கியவர்களில் பல பேர் எரிச்சலில் ‘ஸ்பேம்’, அதாவது குப்பை மெயில், என்று அழுத்திவிட்டார்கள்.

அவர்களில் முக்கால்வாசிப் பேர் மெயில் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்தின் ஸ்பேம் வடிகட்டிக்கு அது போதும். அன்றிலிருந்து என் சர்வரிலிருந்து போகும் மெயிலை எல்லாம் ‘வாங்கிக்கொண்டோம்’ என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, உள்ளே கொண்டுபோய் ஸ்பேம் பெட்டியில் போட்டது. விஷயம் தெரிந்ததும், தடையை எடுக்கச் சொல்லி அந்த நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டேன். ‘பரிசீலித்தோம், மாற்றம் இல்லை’ என்று உடனே பதில். படித்துப் பார்க்கக்கூட நேரம் இருந்திருக்காது. மறுபடி போட்டேன், அதே பதில். நாலு வார்த்தை திட்டலாம் என்றால் அந்தப் பக்கம் ஆளே இல்லை.

தொழிற்சாலைக்காரர்களிடம் நேரில் விளக்கிச் சொல்லலாம் என்று ஒரு சனிக்கிழமை மறைமலைநகர் போனேன். ஹெச்.ஆர். மேடம் என் புராணத்தைப் பாதியில் நிறுத்தினார்.

“அது இருக்கட்டும் சார். தரப் பரிசோதனைக்கு ஒரு பொண்ணை செலக்ட் பண்ணோம். டிப்ளமோ படிச்ச பொண்ணு. வேலைக்கு வரச் சொல்லி மெயில் போட்டு ஒரு வாரமாச்சு, பதிலே இல்ல. போனும் ஸ்விட்ச் ஆஃப். இன்னிக்குள்ள பதில் வரலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லிட்டாரு முதலாளி.”

அவள் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் மெயில் முகவரி அதே பெரிய நிறுவனத்துடையது. வேலை அவளுக்காக ஸ்பேம் பெட்டிக்குள் காத்திருக்கிறது, அது அவளுக்குத் தெரியாது. விலாசம் கேட்டேன். மதுராந்தகம் ஏரியைத் தாண்டி ஒரு கிராமம். முதல் ஷிப்ட் முடிந்து மதுராந்தகம் போகும் கம்பெனி பஸ் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறினேன்.

மூச்சு வாங்கியபடியே டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“இன்னா அண்ணாத்த, சர்வருன்ற, ஸ்பேமுன்ற, ஒண்ணியும் பிரியல. பொண்ணு வூடு எங்க கீது, அத்த மட்டும் சொல்லு.”

பின்னால் இருந்த ஒருவருக்குப் புரிந்துவிட்டது. தன் போனில் ஸ்பேம் பெட்டியைத் திறந்து பார்த்தவர் கத்தினார்.

“யோவ், பே ஸ்லிப் வரலன்னு ஆபீஸ்ல போய் சண்டை போட்டேன்யா. இங்க குந்திகினு கீது.”

அவ்வளவுதான், பஸ் முழுக்க போன் வெளியே வந்தது. ‘ஸ்பேம் இல்லை’ என்று ஒரு பொத்தான் இருக்கும், தயவுசெய்து அதை அழுத்துங்கள், என் பேச்சைக் கேட்காத வடிகட்டி உங்கள் பேச்சைக் கேட்கும் என்றேன். டோல்கேட் வரிசையில் வண்டி நின்றபோது டிரைவர் திரும்பி, “அல்லாரும் அமுக்கியாச்சா? அமுக்காதவன் எறங்கி நடந்து வா” என்றார். அடுத்த சில வாரங்களில் என் மெயில் மெல்ல மெல்ல இன்பாக்ஸுக்குப் போகத் தொடங்கியது. அதற்கு அந்த பஸ்தான் காரணம் என்று நான் நம்புகிறேன். வேறு எவரும் எனக்காக ஒரு விரலைக்கூட அசைக்கவில்லையே.

கிராமத்துக்கு வண்டி மெயின் ரோட்டை விட்டுத் திரும்ப வேண்டும். காலையிலிருந்து நின்றபடி வேலை செய்த ஜனம், முனகுவார்கள் என்று பயந்தேன். “வூட்டுக்குப் போயி இன்னா கிழிக்கப் போறோம், நீ உடு நைனா” என்றார் முன் சீட்டில் இருந்த அம்மா. மழையில் குழைந்த ரோட்டில் அவ்வளவு பெரிய வண்டியை டிரைவர் ஓட்டிப்போனார்.

பஸ் சத்தம் கேட்டு அந்தப் பெண் வீட்டிலிருந்து வெளியே வந்தாள். போன் மழையில் நனைந்து ரிப்பேருக்குப் போயிருக்கிறது. தங்கை போனில் தினமும் மெயில் பார்த்திருக்கிறாள், இன்பாக்ஸை மட்டும். “வரலன்னு நெனச்சிட்டேன் சார். நாளைக்கு ஏஜென்டோட திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போறதா கீது” என்றாள். வாசலில் பை கட்டி வைத்திருந்தது.

ஸ்பேம் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். லாட்டரி விளம்பரத்துக்கும் கடன் விளம்பரத்துக்கும் நடுவில் அவள் வேலை இருந்தது. பஸ் ஜன்னலெல்லாம் தலை. “வேலைக்கு வரேன்னு பதில் போடு தாயி, சீக்கிரம்” என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அவள் அங்கேயே நின்று எழுதி அனுப்பினாள். நான் என் போனில் சர்வரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஹெச்.ஆர். மேடம் கூப்பிட்டு, திங்கட்கிழமை இதே பஸ்ஸில் வரச் சொன்னார்.

அந்தப் பெண் அம்மாவைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். எனக்குத்தான் தாங்கவில்லை, நடுரோட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“இன்னா அண்ணாத்த, வேல அந்தப் பொண்ணுக்குத்தான கெடச்சுது,” என்றார் டிரைவர். “நீ இன்னாத்துக்கு அழுவுற?”

பஸ்ஸைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.