எப்சி செய்த ஏழாவது பெடல்

பாளையங்கோட்டையில் ஒரு காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில் எப்சிக்கு வேலை. கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, ‘பீப்’ சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வாள். எந்தச் சத்தம் எவ்வளவு மெலிதாக இருக்கும்போது கேட்கிறது என்று தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பாள். பதினாறு வருஷம் இதைச் செய்ததில் அவள் தெரிந்துகொண்டது, சத்தமே கொடுக்காதபோதும் ஜனங்கள் கை தூக்குகிறார்கள் என்பது. பொய் சொல்லும் எண்ணம் யாருக்கும் கிடையாது. கேட்கப்போகிறது என்று காத்திருக்கிறார்கள், கேட்டுவிடுகிறது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள்தான் இதில் முதலிடம். பரீட்சை என்று வந்துவிட்டால் அவர்களுக்கு விடையில்லாமல் உட்காரத் தெரியாது.

சனிக்கிழமை மத்தியானம் அவள் வேறு ஆள். கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தரையில் கிடக்கும் பெடல்களைக் கிட்டில் வாங்கிச் செய்வாள். காலால் ஒரு பொத்தானை அமுக்கினால் கிட்டாரின் ஓசையை மாற்றித் தரும் அலுமினியப் பெட்டி. கிட் என்பது ஒரு பிளாஸ்டிக் உறை: உள்ளே பச்சைப் பலகை, பட்டாணி அளவில் சாமான்கள், திருகுகள், ஏற்கெனவே தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்ட ஒரு பக்கக் குறிப்பு. சாப்பாட்டு மேஜையில் ஈயத்தை உருக்கி ஆறு பெடல்கள் செய்திருந்தாள். கிட்டாரில் அவளுக்குத் தெரிந்தது நான்கு கார்டுகள், அதாவது நான்கு சுரக்கூட்டுகள். ஆறு பெடலுக்கு நான்கு கார்டு போதாது என்று கணவர் ஜெபஸ்டின் ஒருமுறை சொல்லிப்பார்த்தார். அவர் தமிழாசிரியர், விகிதம் பிசகினால் பொறுக்கமாட்டார்.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருந்தது. மொத்தம் பதினோரு பேர். மேலப்பாளையத்தில் மைக்செட்டும் ஆம்ப்ளிஃபயரும் பழுதுபார்க்கும் சல்மான் ஃபாரிஸ் அதன் அட்மின். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒவ்வொருவரும் தம்மிடம் இருப்பதை வரிசைப்படுத்திப் படம் போடவேண்டும்: கிட்டார், அதிலிருந்து முதல் பெடல், அடுத்த பெடல், கடைசியில் ஸ்பீக்கர். திருகுகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதைக் கடிகார முள் கணக்கில் சொல்லவேண்டும். ‘லெவல் ரெண்டு மணி, சஸ்டெயின் பதினொண்ணு’ என்றால், ஓசையின் அளவுக்கும் நீளத்துக்கும் உள்ள திருகுகள் எங்கே நிற்கின்றன என்று எல்லோருக்கும் புரிந்தது. புதிதாக யாராவது ஒரு பெடல் செய்தால் அது ஆளுக்கு ஒரு வாரம் சுற்றிவரும்.

எப்சியின் ஏழாவது, கம்ப்ரசர். பலத்த ஓசையைக் கொஞ்சம் அடக்கி, மெலிந்த ஓசையைத் தூக்கிவிடுவது அதன் வேலை. கட்சிகள் எழுபது வருஷமாகத் தருவதாகச் சொல்லும் சமத்துவத்தை ஒன்பது வோல்ட் பேட்டரியில் தந்துவிடும். முதல் நாளே கிட்டாரை மாட்டி, பொத்தானை அமுக்கினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அன்று மாலை குரூப்பில் நாலு பாரா எழுதினாள். ‘மழைக்கு அப்புறம் ஜன்னலைத் திறந்த மாதிரி’ என்பது அதில் ஒரு வரி.

பெடல் சுற்றுக்குப் போனது. சஸ்டெயினைப் பதினொன்றில் வைத்து அமுக்கினதும் நெஞ்சில் இறங்குகிறது என்றான் சல்மான். விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்க்கும் இஸ்ரவேல், சஸ்டெயினைப் பதினொன்றில் வைத்தால் பாழ், ஒன்றில் வைத்தால்தான் உயிர் என்றார். இதன் பேரில் சல்மானும் அவரும் இரண்டு வாரம் பேசவில்லை. மூன்றாம் வாரம் பன்னிரண்டு மணியில் சமாதானம் ஆயிற்று. வித்தியாசமே தெரியவில்லை என்று சொன்ன ஒரே மனிதர் ஜெபஸ்டின். எப்சி அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்க் கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்தாள். இரண்டு காதும் இருபது வயதுக்காரனுடையவை. காது சரி, ரசனை இல்லை என்று அந்த விஷயத்தை முடித்துவைத்தாள்.

பெடல் கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம் உவரி. ரெக்சனுக்கு முப்பத்து மூன்று வயது. மீன்பிடி வள்ளங்களின் இன்ஜினைப் பிரித்து மாட்டும் மெக்கானிக். ஞாயிறு பூசைக்குக் கோயிலில் கிட்டார் வாசிப்பவன். ஒரு வருஷமாக அவனுக்குக் கிட்டாரின் மெல்லிய கம்பி இரண்டின் ஓசையும் மங்கிவந்தது. பாடும் பெண்பிள்ளைகளின் வாய் அசைகிறது, சொல் வரவில்லை. இதை அவன் எப்சியிடம் மட்டும் சொல்லியிருந்தான். இன்ஜின் பக்கத்திலேயே பதினைந்து வருஷம் நின்ற காது. அவளுக்குச் சந்தேகம் தட்டி, சோதனைக்குத் தேதி வாங்கிக் கொடுத்திருந்தாள். அந்தத் தேதிக்கு ஐந்து நாள் முன்னால் கம்ப்ரசர் அவன் கைக்கு வந்தது.

மறுநாளே குரலில் செய்தி அனுப்பினான். “அக்கா, சின்னக் கம்பி ரெண்டும் திரும்பக் கேக்கு. அந்த டெஸ்டெல்லாம் வேண்டாங்க்கா. எங்காதுல ஒண்ணுமில்ல, பெட்டி இல்லாமத்தான் கெடந்துருக்கேன்.”

எப்சி வற்புறுத்தியிருக்கவேண்டும். வற்புறுத்தவில்லை. அதற்குப் பதிலாக அந்தக் குரலைக் குரூப்பில் போட்டாள். அற்புதத்துக்குச் சாட்சி சொல்லும் கூட்டம் வைக்கலாம் என்றார் இஸ்ரவேல். கம்ப்ரசர் ரெக்சனிடமே இருக்கட்டும் என்று பதினோரு பேரும் ஒரே மனதாக முடிவெடுத்தார்கள். அந்தக் குரூப்பில் ஒரே மனதாக எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

நாலு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, கண்ணாடி அறையில் ஒரு பெரியவரை உட்காரவைத்திருந்த நேரத்தில் ரெக்சனின் செய்தி வந்தது. விளக்கு எரிய மாட்டேங்கு, பேட்டரி தீந்துபோச்சு போல. ஆனா சத்தத்துல ஒரு குறையும் இல்லக்கா, முந்திக்கும் தெளிவாத்தான் இருக்கு.

எப்சி அதை மூன்று தடவை வாசித்தாள். பேட்டரி தீர்ந்தாலும், பொத்தானை அமுக்காத நிலையில் கிட்டாரின் ஓசை சும்மா கடந்துபோகும், அது சரி. ஆனால் கம்ப்ரசரின் வேலை நடக்காது. அடுப்பு அணைந்த பிறகும் பால் கொதிக்கிறது என்று ஒருவன் சொன்னால் எப்படி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியவர், அவள் பொத்தானையே தொடாமல் இருக்க, இரண்டு முறை கை தூக்கியிருந்தார்.

திங்கட்கிழமை பெடலை எடுத்துவரச் சொன்னாள். ஞாயிறு கடலுக்குப் போகாத நாள். இன்ஜின் சத்தம் படாமல் ஒரு நாள் முழுக்க ஓய்ந்த காது என்பதையும் அவள் கணக்குப் பண்ணிவைத்திருந்தாள். ரெக்சன் திசையன்விளை வழியாக பஸ் மாறி வந்தான். ஒரு கையில் பெடல், மறுகையில் எப்சிக்கு ஒரு பொட்டலம் கருவாடு. சாப்பாட்டு இடைவேளையில், ஆஸ்பத்திரி முழுக்க அது மணக்க, அவள் பெட்டியின் நாலு திருகாணியையும் கழற்றினாள்.

பலகையில் பிழை இல்லை. ஒவ்வொரு ஈயப் பொட்டும் முத்து மாதிரி இருந்தது. பிழை காலால் அமுக்கும் பொத்தானில் இருந்தது. அதன் ஒன்பது கால்களில் இரண்டு கம்பிகள் பக்கத்துக் காலுக்கு மாறிப்போயிருந்தன. அமுக்கினால் விளக்கு எரியும், அணையும். ஓசையோ இரண்டு நிலையிலும் ஒரு துளை வழியே வந்து, பலகையின் பக்கமே போகாமல், மறு துளை வழியே வெளியேறிவிடும். திருகுகள் மூன்றும் எதனோடும் சம்பந்தமில்லாமல் திரும்பிக்கொண்டிருந்தன. பதினொரு மணி, ஒரு மணி, சமாதானத்தின் பன்னிரண்டு மணி, மழை, ஜன்னல் எல்லாம் அந்த இரண்டு கம்பியில் தீர்ந்தன.

எப்சி ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரெக்சன் எட்டிப் பார்த்தான்.

“என்னக்கா, பெரிய பழுதா?”

“பழுதில்ல. இது ஒருநாளும் வேலையே செய்யலப்பா. நான் முடுக்குன அன்னையிலிருந்து செய்யல.”

அவன் சிரித்தான். “வெளையாடாதியக்கா. எனக்குக் கேட்டுச்சே.”

“எனக்குந்தான் கேட்டுச்சு. நாலு பாரா எழுதுனேன்.”

அவள் பேட்டரியைப் பிடுங்கி மேஜையில் வைத்தாள். பச்சைப் பலகையையும் வெட்டி எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். மிச்சமிருந்த பெட்டியைக் காட்டி, இதை இப்படியே கொண்டுபோய் மாட்டு, நேற்று கேட்டதுதான் நாளைக்கும் கேட்கும் என்றாள். ரெக்சன் பலகையைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். முகத்தில் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது.

“அப்ப எங்காது?” என்றான்.

எப்சி கண்ணாடி அறையின் கதவைத் திறந்தாள்.

தாழ்ந்த சுருதிச் சத்தங்களுக்கெல்லாம் அவன் கை சட்டென்று எழுந்தது. இரண்டாயிரம் ஹெர்ட்ஸ் வரை குறையில்லை. மூவாயிரத்தில் கை தயங்கிற்று. நாலாயிரத்தில் அவள் கூட்டிக்கொண்டே போனாள். பக்கத்து அறையில் பேசுகிற அளவு, முகத்துக்கு நேரே பேசுகிற அளவு, தெருவில் கத்துகிற அளவு. ரெக்சன் கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து, பூசையில் நற்கருணை அப்பத்துக்குக் காத்திருப்பவனைப் போல உட்கார்ந்திருந்தான். கை மடியிலேயே கிடந்தது. பிறகு அவள் எதையும் கொடுக்காமல் நிறுத்தினாள். அப்போது கை தூக்கினான்.

ஆயிரம் பேரிடம் பார்த்ததுதான். அன்றைக்குத்தான் புள்ளி வைப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை கொடுத்துப் பார்த்தாள்.

தாளில் விழுந்த கோட்டை டாக்டர் பார்த்தார். போன நரம்பு வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம். காதுக்கு மூடி போடாமல் இனி இன்ஜின் பக்கம் ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. இடது காதுக்குக் கேட்கும் கருவி வைத்தால் பேச்சு தெளியும் என்றார். நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று ரெக்சன் கேட்டான். டாக்டர் நேர்மையான மனிதர். நாலு மாதத்தில் போனது போகாமல் இருந்திருக்கும் என்றார். எப்சி பக்கத்தில்தான் நின்றாள்.

அவன் கோபப்படவில்லை என்பது அவளுக்கு இன்னொரு அடியாக இருந்தது. கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்டான். “பெட்டியப் பத்தி எழுதுங்க. எங்காதப் பத்தி எழுதாதிய. வள்ளத்துக்காரன் எவனுக்காவது தெரிஞ்சா இன்ஜின் தரமாட்டான்.”

எப்சி பெட்டியைப் பற்றி மட்டும் எழுதினாள். குரூப் முதலில் நம்பவில்லை. உட்புறத்தைப் படமெடுத்துப் போட்டதும் நம்பியது. நம்பியவுடன், தனக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம் இருந்தது என்றார் இஸ்ரவேல். ஒரு மணி பற்றி அவர் எழுதிய ஒன்பது செய்திகளும் அதே குரூப்பில் மேலே இருந்தன. ரெக்சன் விட்டுப்போன பெட்டியில் எப்சி கம்பிகளைச் சரியாக வைத்து, பலகையை மறுபடியும் பொருத்திச் சல்மானுக்கு அனுப்பினாள். சத்தம் நசுங்குகிறது, பழையபடியே மாற்றிக் கொடுங்கள் என்றான் அவன். ஜெபஸ்டின் தன் காதுச் சோதனைத் தாளைச் சாப்பாட்டு மேஜையில் எடுத்து வைத்தார். அது ஒரு வாரம் முழுக்க அங்கேயே கிடந்தது.

அடுத்த ஞாயிறு எல்லாரும் படம் போட்டுக்கொண்டிருந்தபோது ரெக்சனும் ஒன்று போட்டான். கட்டம் போட்ட தாள், புள்ளிகள், ஒரு கோடு. கோடு பாதி தூரம் நேராக வந்து, அங்கிருந்து செங்குத்தாக விழுந்தது.

பெடல் எந்த ஓசையை வெட்டுகிறது என்று காட்டும் கோடும் இப்படித்தான் இருக்கும்; இஸ்ரவேல்தான் முதலில் எழுதினார். “ஏலே, நாலாயிரத்துல நல்லா வெட்டியிருக்கியே. எந்த பெடலு இது? திருகெல்லாம் எங்கன வச்சிருக்க?” சல்மான் கீழே கைதட்டல் படம் போட்டான். வேறு இரண்டு பேர், இந்தக் கிட் எங்கே கிடைக்கும் என்றார்கள்.

ரெக்சன் பதில் எழுதினான்.

“பெடல் இல்ல அண்ணாச்சி. என் இடது காது. அக்கா குடுத்த தேதிய நாந்தான் வேண்டாம்னேன். நீங்களாவது போய்ப் பாத்துருங்க.”

நாற்பது நிமிடம் கழித்து, சல்மான் குரூப்பில் எழுதாமல் எப்சியைப் போனில் கூப்பிட்டான். தினமும் எட்டு மணி நேரம் ஸ்பீக்கர் முன்னால் குந்தியிருக்கிறவன். ஆஸ்பத்திரி எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

திங்கட்கிழமை கண்ணாடி அறைக்கு வெளியே குரூப் ஆட்கள் நால்வர் உட்கார்ந்திருந்தார்கள். மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த இஸ்ரவேல் முதல் டோக்கன். எப்சி அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, கருவிக்கு அளவெடுக்க ரெக்சனை உள்ளே கூப்பிட்டாள். அச்சு எடுக்கும் சிவப்பு மாவைப் பிசைந்து, அவன் இடது காதுக்குள் மெல்ல நிரப்பினாள். மாவு இறுக ஐந்து நிமிடம் ஆகும், தாடையை அசைக்காதே என்றாள். அவன் வலது காதை அவள் பக்கம் திருப்பி, என்ன சொன்னிய என்று கேட்டான். அவள் பைய, ஒவ்வொரு சொல்லாக, இன்னொரு தரம் சொன்னாள்.