சன்னல் இடுக்கில் கம்பளி

ஓசூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில் வெள்ளைக்காரன் காலத்துச் சன்னல் ஒன்று. பக்கவாட்டில் தள்ளித்தான் திறக்க வேண்டும். பாழாய்ப்போன சன்னல், எவ்வளவு இழுத்தாலும் விரல் நுழையும் இடுக்கு விட்டே நிற்கும். மார்கழிக் காற்று அதன் வழியாகப் புகுந்து எங்கள் ஒரே பிள்ளையான கைக்குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டியது. என் கணவர் ஆட்டுமயிர்க் கம்பளியைக் கீற்றாகக் கிழித்துச் சன்னல் ஓரத்திலும் அது ஓடும் காடிப் பள்ளத்திலும் ஆணியடித்தார். காற்று நின்றது. சளி நிற்கவில்லை. தை பிறக்கும் முன்பே மகளைப் புதைத்துவிட்டு வந்தோம்.

சித்திரையில் வீடு வெந்தது. கம்பளி தடுத்ததால் சன்னல் பாதிதான் திறந்தது.

"இதப் புடுங்கிடட்டுமா? கொஞ்சம் காத்து வரும்" என்றார் அவர்.

"விடுங்க! புள்ளைக்கு ஆகாது" என்று கத்திவிட்டேன்.

பிள்ளை தூங்கும்போது சாத்துவதுபோல, சத்தமில்லாமல் அவர் சன்னலைச் சாத்தினார்.