பொழுது சாயும் முன் போட்ட மாத்திரை

முதலில் சிறுத்தது என் எழுத்துதான். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் வரி தொடங்கும்போது ஒழுங்காக இருக்கும் எண்கள், முடியும்போது எறும்பாகிவிடும். "டீச்சர், கடைசி லைன்ல இன்னா எழுதியிருக்கீங்க? ஒண்ணுமே தெரியல" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கத்தினாள். போய்க் கண்ணாடி போடு என்றேன். பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது.

பிறகு, நடக்கும்போது வலது கை வீசாமல் தொங்கியது. கட்டைவிரல் தானாக எதையோ உருட்ட ஆரம்பித்தது. புதுச்சேரிக்குப் போய் நரம்பு மருத்துவரைப் பார்த்தோம். பார்க்கின்சன் நோய் (மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் கொஞ்சங்கொஞ்சமாக அழிவது) என்றார்.

டோபமைன் என்பது ஒரு நரம்பு செல் இன்னொன்றுக்குச் செய்தி சொல்ல அனுப்பும் வேதிப்பொருள். அது குறைந்தால், கையே எழு, காலே நகரு என்று நாம் நினைப்பது போய்ச் சேராது. டோபமைனையே விழுங்கினால் மூளைக்குள் நுழையாதாம். அதனால் லெவோடோபா (மூளைக்குள் போன பிறகு டோபமைனாக மாறும் மருந்து) தருகிறார்கள். "மூணு வேளையும் போடுங்க" என்றார் மருத்துவர். சரி என்று வந்துவிட்டேன்.

நாங்கள் சமணர். செஞ்சிப் பக்கத்துப் பழைய குடும்பம். கணவருக்கு மணிலா (வேர்க்கடலை) வியாபாரம். பொழுது சாய்ந்தால் நானும் அவரும் சாப்பிட மாட்டோம், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். மேற்கே கோட்டை மலை இருப்பதால் எங்கள் தெருவில் வெயில் சீக்கிரமே இறங்கிவிடும். அதற்குள் அவசர அவசரமாகச் சாப்பிட்டு எழுந்துவிடுவோம். ஆகவே மூன்று வேளை என்றால் எனக்குக் காலை, மதியம், மாலை. பருப்புச் சோறும் தயிரும் சாப்பிட்ட கையோடு மூன்றாவது மாத்திரை. இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

சில மாதங்கள் தேவலையாக இருந்தது. பிறகு இரவுகள் கெட்டன. படுத்தால் படுத்தபடியே கிடந்தேன். புரள முடியவில்லை. கணவரை எழுப்பி, என்னைக் கட்டையைத் தள்ளுவதுபோலத் தள்ளச் சொல்வேன். அழுகை வரும். அதைவிடக் கோபம் அதிகம் வரும்.

பகலும் விடவில்லை. ஓர் அமாவாசையன்று, மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் கூட்டத்துக்கு நடுவே, செஞ்சி பஸ் நிலையத்தில் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்தேன். மற்ற கால் வரவில்லை. "ஏம்மா, ஏர்றதுன்னா ஏறு, இல்லாட்டி வழிய வுடு!" என்று கண்டக்டர் கத்தினார். பின்னாலிருந்து இடித்தார்கள். "கால் வரலப்பா" என்றேன். யார் காதிலும் விழவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று அன்றுதான் முதல்முறையாக நினைத்தேன்.

மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டினார். அது சில நாள் வேலையே செய்யாது. சில நாள் மதிய மாத்திரையும் மாலை மாத்திரையும் சேர்ந்து வேலை செய்யும். அப்போது டிஸ்கைனீசியா (நம் விருப்பமின்றி உடம்பு நெளிவது) வந்துவிடும். தோள் குலுங்கும், கழுத்து திருகும். உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது.

"கொஞ்ச நேரம் சும்மாதான் இரேன்" என்றார் கணவர்.

"சும்மா இருக்க முடிஞ்சா நான் ஏன் இந்த ஆட்டம் ஆடுறேன்? நீங்களே சொல்லுங்க" என்று எரிந்து விழுந்தேன்.

அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது, சென்னையில் இருக்கும் மகளும் கூட வந்தாள். "நைட் மாத்திரைய எப்ப போடறீங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

"நைட் ஏது டாக்டர்? சாயங்காலச் சாப்பாட்டோட முடிஞ்சிது. பொழுது போனா நாங்க எதையும் வாயில வெக்கறதில்ல."

"தண்ணி?"

"தண்ணியும்தான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இத்தினி நாளா சொல்லவே இல்லியேம்மா!"

"நீங்க கேக்கலியே" என்றேன்.

பிறகுதான் விளங்க வைத்தார். பருப்பும் தயிரும் செரித்தால் அமினோ அமிலங்களாகும் (புரதத்தின் சிறு துண்டுகள்). குடலிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து மூளைக்கும் அவை நுழையும் வழியாகத்தான் லெவோடோபாவும் நுழைய வேண்டும். கூட்டத்தில் மருந்து பின்தங்கிவிடுகிறது. தப்பி நுழைந்த கொஞ்சமும் சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும். அதன்பின் விடியும்வரை மூளைக்கு ஒன்றுமில்லை. இனி வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும். படுக்கும்போது மெதுவாகக் கரையும் மாத்திரை ஒன்று.

இந்த மருந்து போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மருத்துவர் கேட்காவிட்டாலும் உங்கள் சாப்பாட்டு நேரத்தையும் விரதத்தையும் சொல்லிவிடுங்கள். இந்த மருந்தால் வாந்தி வருகிறதென்று கடையில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். சில வாந்தி மாத்திரைகள் டோபமைனையே தடுக்கும்.

வழியெல்லாம் மகளோடு சண்டை. "மருந்துதானேம்மா, அதுல இன்னா பாவம்?" என்றாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? அந்த விரதம் யாரும் திணித்ததல்ல, நானாக எடுத்தது. உடம்பு என் எழுத்தை, நடையை, தூக்கத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, அது ஒன்றுதான் முழுசாக என் கையில் இருந்தது. அதையும் கொடு என்றால் வயிறு எரியாதா? புது மாத்திரையைத் தொடவே இல்லை.

கணவர் வற்புறுத்தவில்லை. ஒருநாள் காலையில் அவர் குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைத் தள்ளித் தள்ளி இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்ல, மூட்ட தூக்கனதுல" என்றார். அவர் மூட்டை தூக்கிப் பல வருடம் ஆகிறது.

இருட்டில் சிறு பூச்சிகூடச் சாகக் கூடாது என்றுதானே சாப்பிடாமல் இருக்கிறோம்? பக்கத்தில் படுத்திருக்கும் மனுஷனை என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

அன்று விளக்குப் போட்ட பிறகு மாத்திரையைப் பிரித்தேன். "இரு, நானும் ஒரு வாய் குடிக்கிறேன்" என்று அவரும் டம்ளரை எடுத்தார்.

"உங்களுக்கு இந்த நோயில்லியே? பேசாம படுங்க" என்றேன். படுத்தார். ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கினேன்.

நோய் போய்விடவில்லை. வேலையை இன்னும் விடவில்லை. ஆனால் என் நாளைச் சூரியன் நடத்துவதில்லை. மருந்து ஏறும் நேரம், இறங்கும் நேரம் என்று உள்ளே வேறு பொழுதுகள் வந்துவிட்டன. ஒரு காபியைக் குடிப்பதற்கும்கூட, இப்போது கை கேட்குமா என்று யோசித்துவிட்டுத்தான் நீட்டுகிறேன்.

அந்த மாத்திரை போட்ட மறுநாள் விடியலில் மட்டும் யோசிக்கவில்லை. மல்லாந்து படுத்தவள், ஒருக்களித்துச் சுவரைப் பார்த்தபடி விழித்தேன்.

"நீங்க தள்ளி வுட்டீங்களா?" என்று கேட்டேன்.

"நான் எழுந்துக்கவே இல்லியே" என்றார்.

எப்போது புரண்டேன் என்று எனக்குத் தெரியவில்லை.